என் காக்பிட்டும் அவருடைய அடக்கமும்

இந்தக் காக்பிட்டைச் செய்தது நான். முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். வாயால் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. எழுத்தில் சொன்னால் குறுக்கே யாரும் சிரிக்க முடியாது. "நீ கொடுத்து வைத்தவள்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கவும் முடியாது.

மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பின் இரண்டாவது மாடியில், மகள் வேலை கிடைத்து பெங்களூருக்குப் போன பிறகு காலியான அறையில் அது இருக்கிறது. விமானி அறை போலவே ப்ளைவுட்டால் ஆன ஒரு கூடு. உள்ளே நுழைந்தால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருக்கைகள். எதிரே வானத்தையும் தரையையும் காட்டும் திரைகள், அவற்றுக்குக் கீழே வேகமும் உயரமும் திசையும் காட்டும் கருவிகள், நடுவில் எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்கள், தலைக்கு மேல் சுவிட்சுகள் நிறைந்த ஒரு பலகை. கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் மென்பொருள் காசு கொடுத்தால் கிடைக்கும். யார் வேண்டுமானாலும் கீபோர்டைத் தட்டி ஓட்டலாம். நான் கீபோர்டை எடுத்துப் பரணில் போட்டுவிட்டு, நிஜ விமானத்தில் எங்கே எந்த சுவிட்ச் இருக்குமோ அங்கே அந்த சுவிட்சை வைத்தேன். அவ்வளவுதான் விஷயம். அந்த அவ்வளவுதானுக்கு ஒரு கொரோனாவும் இரண்டு மழைக்காலமும் போயின.

பறக்கும் ஆசையெல்லாம் எனக்கு எப்போதும் கிடையாது. மேற்கிலிருந்து காற்றடிக்கும் மாதங்களில் விமானங்கள் கடல் பக்கமாக வந்து எங்கள் மொட்டைமாடிக்கு மேலே தாழ்ந்து மீனம்பாக்கத்துக்குப் போகும். சக்கரங்களை வெளியே நீட்டிக்கொண்டு போகும். துணி எடுக்கப் போகும்போது நிமிர்ந்து பார்ப்பேன். அந்தச் சக்கரம் இறங்குவதற்கு உள்ளே இருப்பவர் எதைத் தொட்டிருப்பார், தொட்டதும் எந்த விளக்கு எரிந்திருக்கும் என்பதுதான் என் யோசனையாக இருக்கும். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள் நான். பெருங்குடியில் ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டுகளைச் சோதித்து, தேறாததைத் திருப்பி அனுப்பும் வேலையில் என் இளமை போனது. கம்பெனியை மூடினார்கள், வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு சுவிட்ச் தன் இடத்தில் ஆடாமல் உட்கார்ந்து, தட்டினால் 'டக்' என்று ஒரு பதில் சொன்னால் எனக்கு வரும் சந்தோஷம் வேறு எதிலும் வந்ததில்லை. நகைக்கடையில் கூட வந்ததில்லை.

இருக்கைகளுக்காகப் புதுப்பேட்டைக்குப் போனேன். பழைய கார்களைப் பிரித்து உதிரியாக விற்கும் தெரு அது. கதவு ஒரு கடையில், கண்ணாடி ஒரு கடையில் என்று ஒரு காரே தெரு முழுக்கப் பரவிக் கிடக்கும். கடைக்காரர் என்னைப் பார்க்கவில்லை, என் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்.

"இன்னாமா, இன்னா வண்டி?"

"வண்டி இல்லைங்க. முன் சீட் ரெண்டு வேணும். அடியில இருக்கற ரெயிலோட."

"வண்டி இல்லாம சீட்டு வச்சிகினு இன்னா பண்ணப் போறே?"

"வீட்ல விமானம் மாதிரி ஒண்ணு செய்யறேன்."

"சார் செய்றாரா? அவரு எங்க கீறாரு? இட்னு வா, அவராண்ட பேசிக்கிறேன். உன்னாண்ட குடுத்தா அப்பால மாத்திக்குடுன்னு வந்து நிப்பாரு."

சார் அந்த நேரத்தில் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து, சீட் நகரும் அந்த ரெயிலை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தேன். ஒன்றில் பல் தேய்ந்திருந்தது. வேறு எடுக்கச் சொன்னேன், எடுத்துப் போட்டார். ஆட்டோவில் ஏற்றும்போது டிரைவரிடம், "சார் அனுப்ச்ச சீட்டு, பாத்து எத்துனு போ" என்றார். அவர் கண்ணுக்கு நான் அங்கே நிற்கவே இல்லை.

எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் மரியாதையாகச் சொன்னார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். திருகினால் எண் மாறும் ஒரு வகைக் குமிழ் வேண்டியிருந்தது. கல்லாவில் இருந்த இளைஞர், "இதுல நிறைய டைப் இருக்கு மேடம், சாருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்களேன்" என்றார். எனக்குத்தான் வேண்டும் என்றேன். "இல்ல மேடம், தப்பா வாங்கிட்டுப் போனீங்கன்னா சார் திட்டுவாரு" என்று எனக்காக வருத்தப்பட்டார். வெயில், காலையிலிருந்து நின்ற கால், எனக்கு வாதாடத் தெம்பில்லை. போனை எடுத்து யாருக்கும் போடாமல் காதில் வைத்துக்கொண்டேன். "ஏங்க, அழுத்தினாலும் வேலை செய்யற டைப்தானே? சரிங்க" என்று சொல்லிவிட்டு வைத்தேன். உடனே எடுத்துக் கொடுத்துவிட்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவமானத்தில் முகம் எரிந்தது. இல்லாத ஒரு ஆணின் குரலுக்குக் கிடைத்த மதிப்பு எதிரே நின்ற எனக்குக் கிடைக்கவில்லை.

தி. நகரில் வீட்டு வாசல்களுக்குப் பெயர்ப்பலகை செய்யும் ஒருவரிடம்தான் சுவிட்ச் பலகைகளுக்கு எழுத்துப் பொறிக்கக் கொடுத்தேன். கறுப்பு அக்ரிலிக்கில் வெள்ளை எழுத்து. பின்னாலிருந்து விளக்குப் போட்டால் எழுத்து மட்டும் ஒளிர வேண்டும். வரைபடத்தை நான்தான் போட்டேன். அரை மில்லிமீட்டர் நகர்ந்திருந்ததைச் சொல்லித் திரும்பச் செய்ய வைத்ததும் நான்தான். அவர் அலுத்துக்கொள்ளாமல் செய்தார், நல்ல கைவேலைக்காரர். கடைசி நாள் பொட்டலத்தைக் கொடுக்கும்போது, "இது நம்ம அன்பளிப்புமா, காசு வேணாம்" என்று தனியாக ஒன்றை நீட்டினார். பிரித்துப் பார்த்தேன். பொன்னிற எழுத்தில் "கேப்டன்" என்று போட்டு, என் கணவரின் பெயரும், அதன் பின்னால் அவர் வாங்கிய பட்டமும். ரசீதில் எழுத வீட்டுக்காரர் பெயர் கேட்டபோது பட்டத்தோடு நான் சொன்ன பெயர். அந்த மனிதர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன், வேறென்ன செய்வது.

இவர்களெல்லாம் வெளியார். ஒரு நாள் கோபம், மறுநாள் மறந்துபோகும். எனக்கு ஆறாத கோபம் என் கணவர் மேல்தான்.

அவரைப் பற்றி நியாயமாகச் சொல்லவேண்டும். கெட்டவர் இல்லை. அறையைக் கொடுங்கள் என்று கேட்டபோது முகம் சுளிக்கவில்லை. வீடெல்லாம் மரத்தூள் பறந்தபோது தும்மினாரே ஒழியத் திட்டவில்லை. கூடு எழுந்து நின்ற பிறகு, சாயங்காலங்களில் வலது இருக்கையில் வந்து உட்கார்ந்துகொள்வார். இடது இருக்கை கேப்டனுடையது, அது என்னுடையது. நான் கடல்மேலிருந்து திரும்பி அடையாற்று முகத்துவாரத்தைப் பிடித்து, கோட்டூர்புரம், கிண்டி என்று இறங்கிக்கொண்டே வர, அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எதை எப்போது செய்யவேண்டும் என்று ஒவ்வொன்றாகப் படிப்பார். அந்தச் சாயங்காலங்கள் எனக்குப் பிடித்திருந்தன. அதனால்தான் கோபம் இவ்வளவு.

அவர் அலுவலகத்தில் நன்றாகப் பேசக்கூடியவர் என்று பெயர் வாங்கியவர். யாராவது ஓய்வு பெற்றால் பாராட்டிப் பேச இவரைத்தான் கூப்பிடுவார்கள். தன்னுடைய ஓய்வு விழாவில், "இந்தப் பெருமை எல்லாம் என் துணைவியாரைத்தான் சேரும்" என்று சொல்லிவிட்டு, கைத்தட்டல் அடங்கும் வரை தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நின்றார். நானும் முன் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். அவருடைய அலுவலக வேலையில் எனக்கு எந்தப் பங்கும் கிடையாது, எல்லோருக்கும் அது தெரியும். மேடையில் அப்படிச் சொல்வது வழக்கம். சொல்லாவிட்டால் தலைக்கனம் என்பார்கள்.

காக்பிட்டை முதலில் பார்க்க வந்தவர்கள் திருவான்மியூரில் இருக்கும் அவருடைய அண்ணனும் அண்ணியும். நான் காபி போட உள்ளே போனேன். திரும்பி வந்தபோது இவர் இடது இருக்கையில் உட்கார்ந்து, தலைக்கு மேலிருந்த சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். விளக்குகள் வரிசையாக எரிய, அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"எப்படிடா இதெல்லாம் கத்துக்கிட்ட?"

"நான் என்ன பண்ணேன் அண்ணே? எல்லாம் இவதான்."

சொல்லிவிட்டுத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார்.

"பாத்தியா," என்றார் அண்ணி என்னிடம், "எப்படி விட்டுக்கொடுக்காம பேசறாரு. இவர் இருக்காரே, ஒரு நாள் இப்படிச் சொன்னதில்ல. உனக்குக் கொடுத்து வச்சிருக்கு."

"இல்லக்கா, நிஜமாவே நான்தான் செஞ்சேன்."

"ஆமாமா, நீ இல்லாம அவரு என்ன பண்ணிடுவாரு?" என்று சிரித்துக்கொண்டே டபராவை எடுத்துக்கொண்டார்.

முதலில் அவருக்காகப் பரிதாபப்பட்டேன். உண்மையைத்தான் சொல்கிறார், யாரும் நம்பவில்லை, அவர் என்ன செய்வார் என்று நினைத்தேன். பாராட்டு வாங்கும் ஆள் "நான் ஒன்றும் செய்யவில்லை" என்றால் அவன்தான் செய்தான் என்று நம் ஊரில் அர்த்தம். நிஜமாகவே ஒன்றும் செய்யாதவன் அதைச் சொல்ல நம்மிடம் வேறு வாக்கியமே இல்லையோ என்றுகூட யோசித்தேன்.

இருக்கிறது என்று ஒரு நாள் தெரிந்தது. சமையல் வாயு சிலிண்டர் போட வந்தவர் திறந்திருந்த கதவு வழியாக அறையைப் பார்த்துவிட்டு, "என்னா சார் இது?" என்று கேட்டார். இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "எனக்கு அதுல ஒண்ணும் தெரியாதுப்பா. அவங்க பண்ணது" என்றார். அந்த மனிதர், "அப்படிங்களா?" என்று சொல்லிவிட்டு நேராக என்னிடம் வந்து, தன் வண்டியில் ஹாரன் அடித்தால் முன்விளக்கு அணைந்து போகிறது, என்னவாக இருக்கும் என்று கேட்டார். எர்த் ஒயரைப் பாருங்கள் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவு சுலபமாக முடிந்தது. சிரிப்பு இல்லை, தலைச் சாய்ப்பு இல்லை, அவர் சொன்னார், வந்தவர் நம்பினார்.

அன்றிலிருந்து என் பரிதாபம் போய்விட்டது. அவருக்கு இரண்டு விதமாகவும் சொல்லத் தெரிந்திருக்கிறது. சிலிண்டர்காரர் முன்னால் பெருமை வாங்கி ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதால் உண்மை. அண்ணன், பழைய சகாக்கள், நடைப்பயிற்சி நண்பர்கள் வந்தால் அதே உண்மை, ஆனால் மேடைக் குரலில். ஒரு வார்த்தை பொய் கிடையாது. நான் என்ன சொல்லிச் சண்டை போடுவேன்?

மேல்வீட்டு மாமி மாடிப்படியில் பிடித்துக்கொண்டார். "உங்காத்துல ஏரோப்ளேனே பண்ணி வச்சிண்டிருக்காராமே உங்காத்துக்காரர். கேட்டா எல்லாம் அவதான்னு உங்களைச் சொல்றார். இந்தக் காலத்துல யாருக்கு வரும் அந்தப் பெருந்தன்மை?" மகளிடம் போனில் பொருமினேன். அவள், "அம்மா, அப்பாதான் எல்லார்கிட்டயும் நீதான் செஞ்சேன்னு சொல்றாரே, அப்புறம் என்னம்மா பிரச்சனை உனக்கு?" என்றாள். சரியான கேள்விதான். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன்.

பொங்கலுக்கு முன்னால் குடியிருப்புச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் ஒரு அறிவிப்புப் போட்டார். பொங்கல் விழாவில் கோலப்போட்டிப் பரிசளிப்புக்குப் பிறகு, வீட்டிலேயே விமானி அறை அமைத்த நமது சாதனையாளருக்குப் பாராட்டு. கீழே என் கணவரின் படம். இடது இருக்கையில் உட்கார்ந்து, நெம்புகோலில் கை வைத்திருந்தார். அந்தப் படம் எடுத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு விளக்கைப் போட்டால் உயரம் காட்டும் முள் துள்ளிக்கொண்டிருந்தது. கோளாறு எங்கே என்று தேடி, பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். வாயில் டார்ச். செயலாளர் வந்து, "சார், அப்படியே உட்காருங்க, ஒரு போட்டோ" என்றார். அவர் எடுத்த படத்தை இவர் எனக்கே காட்டினார், அதில் நெம்புகோலுக்குக் கீழே என் இரண்டு பாதங்களும் தெரிந்தன. குழுவில் வந்த படத்தில் அவற்றை அழகாக வெட்டிவிட்டிருந்தார்கள்.

நான் அன்று சமைக்கவில்லை. போனை அவர் முன்னால் வைத்தேன்.

"இது யாரு சாதனை?"

"உன்னோடதுதான். அதுல என்ன சந்தேகம்? மேடையில சொல்லிடறேன்."

"எப்படிச் சொல்வீங்க?"

"எல்லாம் என் மனைவிதான்னு..."

"அது வேண்டாம். அந்த வாக்கியம் வரவே கூடாது. சிலிண்டர்காரர்கிட்ட சொன்னீங்களே, அப்படிச் சொல்லணும். எனக்கு வயர் எது, சுவிட்ச் எது தெரியாது. வரைஞ்சது, அறுத்தது, வயரைப் பத்தவச்சது எல்லாம் இவ. என்னைத் தப்பாக் கூப்பிட்டுட்டீங்க. இதுதான் சொல்லணும். சிரிக்கக் கூடாது. தலையைச் சாய்க்கக் கூடாது."

"தலையைச் சாய்க்கறேனா?"

"சாய்க்கறீங்க."

அவர் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தார். நான் கட்டிலில் உட்கார்ந்து கேட்டேன். வாழ்க்கையில் அவரிடம் நான் பெரிதாக ஒன்றும் கேட்டதில்லை. ஊர் உலகம் என்னை நம்ப வேண்டாம், புதுப்பேட்டைக்காரர் நம்ப வேண்டாம். இந்த ஒரு மனிதர் நாலு பேர் முன்னால் ஒரு தடவை, நம்பும்படியாக, இதைச் சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது. "கட்டாயம் சொல்றேன்மா" என்றார். நம்பினேன்.

விழாவைக் கார் நிறுத்துமிடத்தில் வைத்தார்கள். கார்களை எல்லாம் தெருவில் விட்டுவிட்டு, கரும்பு கட்டி, நாற்காலி போட்டு, மைக் வைத்திருந்தார்கள். பட்டுப்புடவையில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். செயலாளர் நீளமாக ஒரு அறிமுகம் செய்துவிட்டு இவரை அழைத்தார்.

இவர் மைக்கைப் பிடித்தார். சிரிக்கவில்லை. "என்னைத் தப்பாகக் கூப்பிட்டுவிட்டீர்கள்" என்று ஆரம்பித்தார். என் மனசு நிறைந்தது. "எனக்கு வயர் எது, சுவிட்ச் எது என்று தெரியாது" என்றார். முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். "நிஜமாகச் சொல்கிறேன், பத்தவைக்கிற கம்பியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது." சிரிப்பு பரவியது. அப்போது அவர் செய்ததை நான் பார்த்தேன். நிறுத்தினார். அந்தச் சிரிப்பு முழுதாக எழுந்து அடங்கும் வரை, மேடையில் பேசிப் பழகியவர்கள் காத்திருப்பார்களே, அப்படிக் காத்திருந்தார். பிறகு நான் சொல்லிக்கொடுக்காத ஒரு வரியைத் தானாகச் சேர்த்தார்.

"எங்கள் வீட்டு விமானத்தை ஓட்டுவது யார் என்று இங்கே கல்யாணமான எல்லோருக்கும் தெரியும்."

கார் நிறுத்துமிடம் அதிர்ந்தது. மேல்வீட்டு மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். என் கணவர் தலை மெதுவாக ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தபோதே செயலாளர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். "இப்படிப்பட்ட சாதனையாளருக்கு நாங்க பொன்னாடை போடறதவிட, மேடம் கையாலயே போட்டாதான் பொருத்தமா இருக்கும்." அரக்கு நிறத்தில் ஜரிகை போட்ட ஒரு சால்வையைப் பிரித்து என் கையில் கொடுத்தார். இவர் எனக்கு வசதியாகக் கொஞ்சம் குனிந்து நின்றார்.

நான் அந்தச் சால்வையை என் தோளில் போர்த்திக்கொண்டேன். இரண்டு முனையையும் இழுத்து முன்னால் பிடித்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து நின்றேன். அவரை அவமானப்படுத்த வேண்டும் என்றுதான் செய்தேன். இப்போதாவது ஒருவர் முகமாவது மாறும், என்ன இது என்று ஒரு கேள்வியாவது வரும் என்று எதிர்பார்த்தேன். கைத்தட்டல்தான் வந்தது. விசில் கூட வந்தது. "சூப்பர் ஜோடி" என்று யாரோ கத்தினார்கள். செயலாளர் மைக்கில், "சாரோட அடக்கத்துக்கு ஏத்த குறும்பு" என்றார். போட்டோ எடுத்தார்கள். என் கோபத்தைக்கூட அவருடைய மாலையில் ஒரு பூவாகக் கட்டிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சால்வையை நாற்காலி மேல் போட்டேன்.

"ஒரு வார்த்தை மாத்திச் சொன்னேனா?" என்று அவரே ஆரம்பித்தார். "நீ சொன்னது அத்தனையும் சொன்னேன்."

"சொன்னீங்க. சிரிப்பு வரட்டும்னு நின்னு நின்னு சொன்னீங்க."

"ஜனங்க சிரிச்சா நான் என்ன பண்ணட்டும்?"

"கடைசி வரி யாரு சொல்லிக்கொடுத்தது?"

தண்ணீர் குடித்தார்.

"இப்ப செயலாளருக்கு போன் போடுங்க. என் முன்னாடி. ஸ்பீக்கர்ல. சிலிண்டர்காரர்கிட்ட சொன்ன மாதிரி சொல்லுங்க. அது போதும் எனக்கு, இனிமே இதைப் பத்திப் பேச மாட்டேன்."

"இதுக்குப் போய் ஒரு போனா? நல்லா இருக்குமா?"

"போடுங்க."

என் முகத்தில் என்ன இருந்ததோ, போட்டார். கீழே நாற்காலிகளை மடக்கும் சத்தம் ஜன்னல் வழியாகவும் போன் வழியாகவும் கேட்டது. இவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். தலை நேராக இருந்தது, அதை நான் கவனித்தேன்.

"சார், ஒரு விஷயம். மேடையில சிரிப்பாப் போயிடுச்சு. அந்த காக்பிட் நான் செஞ்சது இல்ல சார். என் வைஃப் செஞ்சது. முழுசா அவங்கதான் செஞ்சாங்க. எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது. குரூப்ல அதை மாத்திப் போட்டுடுங்க."

செயலாளர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"சார்... வீட்ல ஏதாவது பிரச்சனையா?"

"பிரச்சனை ஒண்ணும் இல்ல சார். உண்மையத்தான் சொல்றேன்."

"புரியுது சார், புரியுது. மேடம் பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்காங்க. அதுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல சார். எங்க வீட்லயும் இப்படித்தான். குரூப்ல மேடம் பேரையும் சேர்த்துப் போட்டுடறேன், கவலைப்படாதீங்க. நீங்க ரெஸ்ட் எடுங்க."

வைத்துவிட்டார். இவர் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். கழுத்திலிருந்து மேலே சிவப்பு ஏறியது. இத்தனை வருடத்தில் அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்க ஆரம்பித்தார்.

"நான் சொல்றேன், நம்ப மாட்டேங்கறான். இத்தனை வருஷமா இந்த பில்டிங்ல இருக்கேன். இவன்கிட்ட நான் எதுக்குப் பொய் சொல்லணும்? பொண்டாட்டிக்குப் பயந்துகிட்டுப் பேசறேன்னு நினைக்கறான். ரெஸ்ட் எடுக்கச் சொல்றான். ஒரு மனுஷன் வாய்விட்டுச் சொன்னா அதுக்கு மரியாதை வேணாமா?"

போனை மேசையில் வைக்கப்போய் தவறவிட்டார், குனிந்து எடுத்தார், திரும்பவும் நடந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கோபம் பொய்யில்லை. அசல் கோபம். நானும் அதைத்தான் இத்தனை நாளும் வயிற்றில் வைத்துக்கொண்டு நடந்திருந்தேன், அதனால் அடையாளம் தெரிந்தது.

"உங்க அண்ணன் வந்தன்னிக்கு நான்தான் செஞ்சேன்னு நான் சொன்னேனே. யாரும் நம்பலயே. அன்னிக்கு இந்தக் கோபம் ஏன் வரல?" என்று கேட்டேன்.

அவர் நடப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். யோசித்துப் பார்த்தார், அதைச் சொல்ல வேண்டும். பிறகு, "அது வேற, இது வேற. இவன் என்னையே நம்பலயே" என்றார்.